ஒரு சாண் ஜன்னல்

எனக்கும் என் நாத்தனாருக்கும் எட்டு மாதம் பேச்சுவார்த்தை இல்லை. தப்பு என்னுடையதுதான். பாதிக் கதையில் வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட நானே முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் காது சோதிக்கிறவள். டாக்டர் இல்லை, ஆனால் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், நானும் திருத்துவதை விட்டுவிட்டேன். சத்தம் புகாத ஒரு சின்னக் கூண்டுக்குள் ஆளை உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுப்பேன். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். இந்த வேலைக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. உள்ளே இருப்பவர் கேட்டது என்றால் கேட்டதுதான். நான் சத்தமே கொடுக்காதபோது அவர் அமுக்கினாலும், "ஒண்ணும் இல்ல, சும்மா இருங்க" என்று அதட்டக் கூடாது. குறித்துக்கொண்டு மேலே போக வேண்டும். கூண்டு பக்கத்தில் இருக்கும்வரை இதை ஒழுங்காகச் செய்வேன். வெளியே வந்துவிட்டால் என் வாய் என் பேச்சைக் கேட்காது.

என் சோதனை நிலையம் தரைத்தளம். எங்கள் பிரார்த்தனை அறை அதே கட்டடத்தில் மூன்றாம் மாடி. நாத்தனார்தான் அதற்குச் செயலாளர். ஒரு வியாழக்கிழமை மாலை, பிரார்த்தனை தொடங்கும் நேரத்தில், சுவரில் பளிச்சென்று ஒரு வெளிச்சம் விழுந்து ஆடியது. பொத்தான் கடை வைத்திருக்கும் அம்மாள் அதைப் பார்த்து உடைந்து அழுதுவிட்டார். அன்று அவருடைய மகளுக்கு ஆபரேஷன். நான் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். எதிர்க் கட்டடத்தில் ஒருவர் கண்ணாடிக் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அட, அது எதிர்ல கண்ணாடி தொடைக்கிறாங்க" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிச் சிரித்தேன்.

சொன்னது சரி. சிரித்ததைத்தான் இன்றுவரை விழுங்க முடியவில்லை. பொத்தான் கடை அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். மகள் நன்றாகத் தேறி வந்தாள், ஆனால் அம்மாள் என் பக்கம் திரும்பவே இல்லை. நாத்தனார் வீட்டுக்கு வந்து வாசலில் நின்றபடியே சொன்னார்.

"உனக்குத் தெரிஞ்சதைச் சொல்ல உனக்கு உரிமை இருக்கு. அந்த அம்மா மூஞ்சில அடிக்கிற மாதிரி சொல்ல உரிமை இல்ல."

அதற்குப் பிறகுதான் எட்டு மாதம். எங்கள் இருவருக்கும் நடுவில் என் கணவர் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். "அக்கா, இவ சாப்பிட வரச் சொல்றா." "அக்கா பசிக்கலைன்னு சொல்றா." ஒரே மேஜையில் நாங்கள் மூவரும் உட்கார்ந்திருக்கும்போதே இது நடக்கும்.

இப்போது அந்தச் சத்தத்துக்கு வருகிறேன்.

எங்கள் பிரார்த்தனை அறைக்குப் பக்கத்து அறையில் வேறு மதத்துக்காரர்கள் கூடுவார்கள். நடுவில் ஒரே சுவர். அவர்களுக்கும் வியாழன் மாலை ஆறு மணிதான். அவர்கள் பாடினால் எங்களுக்கு எரிச்சல், நாங்கள் உரக்க வாசித்தால் அவர்களுக்கு எரிச்சல். கடைசியில் இரண்டு பக்கமும், ஒருவருக்கொருவர் தெரியாமல், ஒரே ஆளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். மாடிப்படிக்குக் கீழே பத்தொன்பது வருஷமாகச் சாவி வெட்டும் பூட்டுக்காரர். அவர் அந்தப் பக்கத்து ஆள். ஆனால் வேலை என்று வந்தால் அவருக்குப் பக்கம் கிடையாது. இரண்டு அறையிலும் கதவு, ஜன்னல், எங்கள் அறையை ஒட்டி டீ போடும் சின்ன அறையின் ஜன்னல் உட்பட, விளிம்பெல்லாம் ரப்பர் பட்டை ஒட்டினார். என் கூண்டுக் கதவுக்கும் பட்டை ஒட்டியது அவர்தான். "இனிமே காத்துகூட நுழையாது" என்றார். அது எவ்வளவு உண்மை என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை.

அடுத்த வியாழக்கிழமை பிரார்த்தனை நடுவில் அறைக்குள் ஒரு குரல் எழுந்தது. ஊ என்று, அடித்தொண்டையில், மூச்சு விடாமல். வாசித்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். அது நிற்கவில்லை. அதற்கடுத்த வாரமும் அப்படியே. மூன்றாவது வாரம் எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர், "அவங்கதான் ஏதோ ஓதி ஏவி விடுறாங்க" என்றார்கள். மீதிப் பேர், "ஓதலும் இல்ல ஒண்ணும் இல்ல, அந்தப் பூட்டுக்காரன் பட்டை ஒட்டுற சாக்குல சுவத்துக்குள்ள ஸ்பீக்கர் வெச்சிட்டான்" என்றார்கள். காரணத்தில்தான் கருத்து வேறுபாடு. ஆளை அனுப்புவதில் ஒற்றுமை. பக்கத்து அறையைக் காலி செய்ய வேண்டும், பூட்டுக்காரர் படிக்கட்டை விட்டுப் போக வேண்டும் என்று கட்டடக்காரருக்கு ஒரு கடிதம் தயாரானது. கட்டடக்காரர் சண்டை என்றால் பத்து தெரு சுற்றிப் போகிறவர். எந்தப் பக்கத்துக் கடிதம் முதலில் வருகிறதோ அந்தப் பக்கம் சரி என்று எடுத்துக்கொள்வார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் நாத்தனார் என் நிலையத்துக்குள் வந்தார். கையில் கடிதம்.

"நாப்பது கையெழுத்து ஆயிடுச்சு. உன்னுது ஒண்ணுதான் பாக்கி."

எட்டு மாதத்துக்குப் பிறகு நேரடியாக என்னிடம் சொன்ன முதல் வாக்கியம். சந்தோஷப்படுவதா, வேண்டாமா என்று தெரியாமல் பேனாவை எடுத்துவிட்டேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே, படிக்கட்டின் கீழே, பூட்டுக்காரர் ஒரு சாவியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பல் சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். பேனாவை வைத்துவிட்டேன். வாய் வழக்கம்போல் முந்திக்கொண்டு வந்தது. அதைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டு மெதுவாகச் சொன்னேன்.

"அண்ணி, சத்தம் எனக்கும் கேட்டுச்சு. நிஜமான சத்தம். ஆனா அது அவங்க வேலைன்னு எனக்குத் தோணல. உங்களுக்குத் தோணுது. ரெண்டு பேருக்கும் தோணுறதுதானே தவிர, கையில எதுவும் இல்லையே. ஒரு ஆளோட பொழப்பு இதுல இருக்கு."

"அதுக்கு?"

"ஒரு பரிட்சை வெச்சுப் பாக்கலாமா?"

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். என் நாத்தனார் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் தேர்வு அறைக் கண்காணிப்பாளராக இருந்தவர். இருமினால் எந்த வரிசை என்று திரும்பாமலே சொல்வார். பரிட்சை என்ற சொல் அவர் காதில் விழுந்தால் முதுகு தானாக நிமிர்ந்துவிடும். அன்றும் நிமிர்ந்தது.

"யார் கேள்வித்தாள் தயார் பண்றது?" என்றார்.

புதன்கிழமை மதியம் மூன்று பேர் மாடிக்குப் போனோம். நாத்தனார் எங்கள் அறையில். பூட்டுக்காரர் அவர்கள் அறையில். இருவர் கையிலும் ஆளுக்கொரு தாள், ஒரே நேரம் காட்டும் கடிகாரம். சத்தம் எத்தனை மணி எத்தனை நிமிஷத்துக்குத் தொடங்கியது, எப்போது நின்றது என்று எழுத வேண்டும். வேறு எதுவும் எழுதக் கூடாது. யார் செய்தார்கள், ஏன் செய்தார்கள் என்பதெல்லாம் கேள்வியிலேயே இல்லை. நான் டீ போடும் அறைக்குள் போய்த் திரையை இழுத்துவிட்டேன். பிரார்த்தனை நேரத்தில் கூட்டத்தின் புழுக்கத்துக்காக அங்கே ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடும். அதைப் போட்டுவிட்டேன். மற்றபடி நான் செய்தது ஒரே வேலை. அங்கே இருக்கும் குட்டி ஜன்னலை இஷ்டப்பட்ட நேரத்தில் மூடுவேன், திறப்பேன், அதைக் குறித்துக்கொள்வேன்.

பத்து நிமிஷம் கழித்து மூன்று தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். நாத்தனாருடையதும் பூட்டுக்காரருடையதும் வரிக்கு வரி ஒன்று.

நாத்தனார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "யாரைப் பாத்து யாரு எழுதினது?" என்றார்.

"நடுவுல சுவர் இருக்குங்களே டீச்சரம்மா" என்றார் பூட்டுக்காரர் பயந்துபோய்.

"சுவர் இருந்தா என்ன. நான் பாக்காத சுவரா."

அதனால் மறுதேர்வு. இந்த முறை நிபந்தனைகள் எல்லாம் அவருடையவை. பக்கத்து அறையில் ஒரு ஈ எறும்புகூட இல்லை என்று அவரே போய்ப் பார்த்துப் பூட்டினார். சாவி அவர் கைக்குட்டையில் முடிச்சாக. பூட்டுக்காரர் அவருக்கு எதிரே, இரண்டு கையும் மேஜைமேல் தெரியும்படி. நான் திரைக்குப் பின்னால் ஜன்னலை மூடினேன்.

ஊ என்று எழுந்தது.

திரை இடுக்கில் பார்த்தேன். நாத்தனார் பூட்டுக்காரரின் வாயைப் பார்த்தார், கையைப் பார்த்தார், கைக்குட்டை முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். பூட்டுக்காரர் மூச்சுவிடுவதையும் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார். நான் ஜன்னலைத் திறந்தேன். குரல் அடங்கியது. மூடினேன், எழுந்தது. நான் வெளியே வந்தபோது நாத்தனார் தாளில் நேரத்தை எழுதி முடித்து அடியில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"நீதானா?" என்றார் என்னிடம்.

"நான் ஜன்னலை மட்டும்தான் தொட்டேன் அண்ணி. ஃபேன் காத்தை வெளிய தள்ளுது. உள்ள வர வழியெல்லாம் அண்ணன் பட்டை போட்டு அடைச்சிட்டாரு. அதனால காத்து எங்கயோ மிச்சம் இருக்கிற ஒரு சந்து வழியா வருது. வரும்போது பாடுது. பாட்டில் வாயில ஊதினா வருமே, அந்த மாதிரி."

"எந்தச் சந்து?"

"தெரியாது. ஆனா எவ்வளவு நீளம்னு சொல்ல முடியும்."

இது எனக்குப் பெருமையான இடம், மறைக்க மாட்டேன். என் நிலையத்துக் கருவியை வைத்து அந்தக் குரலை முன்பே அளந்திருந்தேன். நொடிக்கு நூற்றுத் தொண்ணூறு அதிர்வு. குழாய் நீளமாக நீளமாகக் குரல் தாழும், குட்டையானால் கீச்சிடும். இரண்டு பக்கமும் திறந்த குழாய் ஒன்று இந்தக் குரலில் பாட வேண்டுமானால் அது கிட்டத்தட்ட இரண்டு முழம் இருக்க வேண்டும். பொதுச் சுவரில், இரண்டு முழத்தில் ஒரு குழாய். அப்படித்தான் சொன்னேன். சொல்லும்போது சிரிக்கவில்லை, அதைக் கவனமாகப் பார்த்துக்கொண்டேன்.

செருப்பு அலமாரியை நகர்த்தினோம். தரையை ஒட்டி, சுவரிலிருந்து வளைந்து வெளியே வந்தபடி, துருப்பிடித்த ஒரு பழைய தண்ணீர்க் குழாய். இரண்டு அறையும் ஒன்றாக இருந்த காலத்தில் யாரோ வைத்திருந்த கைகழுவும் தொட்டியின் மிச்சம். மறு முனை அவர்களுடைய புத்தக அலமாரிக்குப் பின்னால் திறந்து கிடந்தது. அவர்கள் அறையின் உச்சியில் காற்றுக்காக விட்டிருந்த துவாரத்தில் நுழைந்த காற்று, இந்தக் குழாய் வழியாகத்தான் எங்கள் ஃபேனைத் தேடி வந்துகொண்டிருந்தது. நாத்தனார் தன் முழங்கையை வைத்து அளந்தார். இரண்டு முழத்துக்கு இரண்டு விரல் குறைவு. ஒரு மதிப்பெண் குறைப்பாரோ என்று பார்த்தேன், விட்டுவிட்டார்.

பூட்டுக்காரர் அந்தக் குழாய்க்கு முன்னால் குந்தி உட்கார்ந்துகொண்டு தலையில் கை வைத்துக்கொண்டார். தன்மேல் பழி சொன்னதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. "இவ்ளோ பெரிய ஓட்டையை விட்டுட்டேனே தங்கச்சி, இவ்ளோ பெரிய ஓட்டையை" என்று அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

நாத்தனார் கடிதத்தைப் பையில் வைத்தார். கிழிக்கவில்லை. "நாளைக்கு நான் பாத்துக்கறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். நாற்பது பேருக்கு முன்னால் போய், "நாம நெனச்சது தப்பு" என்று சொல்வது லேசான காரியமா. என் கணவரைக் கேட்டேன். "அக்கா என்ன செய்யும்னு அக்காவுக்கே தெரிஞ்சிருக்காது" என்றார்.

வியாழக்கிழமை ஆறு மணி. நாத்தனார் எழுந்தார். கையில் கடிதம் இல்லை, தாள்கட்டு இருந்தது. எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். இன்னொரு கட்டைப் பூட்டுக்காரர் பக்கத்து அறைக்கு எடுத்துப் போனார். அங்கே என்ன சொல்லிச் சம்மதிக்க வைத்தாரோ, அதுவரை எங்களைக் கண்டாலே கதவைச் சாத்தும் ஆட்கள் அமைதியாக உட்கார்ந்து எழுதினார்கள். நான் திரைக்குப் பின்னால் ஜன்னலைத் திறந்து மூடினேன். பத்து நிமிஷத்தில் தாள்களைத் திரட்டி, கதவை விரியத் திறந்து வைத்து, இரண்டு கூட்டமும் தாழ்வாரத்தில் நெருக்கிக்கொண்டு நிற்க, நாத்தனார் சிவப்பு மையில் திருத்தினார். எல்லாத் தாளிலும் அதே நேரம். பக்கத்து ஆளைப் பார்த்து எழுதியதாக ஒரே ஒருவர் பிடிபட்டார். அது என் கணவர்.

"கேட்டது எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றார் நாத்தனார். "யாரும் பொய் சொல்லல. காரணம் சொன்னதுலதான் தப்புப் பண்ணிட்டோம். பண்ணினவங்கள்ல நானும் ஒருத்தி. மிச்சத்தை இவ சொல்லுவா."

இவள் என்றால் நான். முன்வரிசையில் பொத்தான் கடை அம்மாள் நின்றிருந்தார். நான் நாலே வார்த்தையில் சொன்னேன். ஃபேன், பட்டை, குழாய், ஜன்னல். ஒரு காலிப் பாட்டிலை எடுத்து ஊதிக் காட்டினேன். எல்லோரையும் உள்ளே கூப்பிட்டு, கதவையும் ஜன்னலையும் சாத்தி, செருப்பு அலமாரியை நகர்த்தி, வேண்டியவர்கள் வந்து கையை வைத்துக் காற்றைத் தொட்டுப் பாருங்கள் என்றேன். இரண்டு பக்கத்து ஆட்களும் வரிசையாகக் குனிந்து கை வைத்தார்கள். பொத்தான் கடை அம்மாள் மட்டும் குனியவில்லை.

"அப்போ அன்னிக்குச் சுவத்துல வந்த வெளிச்சம்?" என்றார்.

அறையே என்னைப் பார்த்தது.

"அது எதிர்க் கண்ணாடியிலேர்ந்து வந்ததுதாங்க. அதை மாத்திச் சொல்ல எனக்குத் தெரியல. ஆனா அந்த நேரத்துல அது உங்களுக்கு என்னவா இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. தெரியாத விஷயத்தைப் பாத்து நான் சிரிச்சது தப்பு. மன்னிச்சிடுங்க."

அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கண்ணாடின்னு எனக்கும் அப்பவே தெரியும். நான் பொத்தான் விக்கிறவ. மினுக்குற சாமான்ல வெளிச்சம் பட்டா எங்க போய் அடிக்கும்னு எனக்கா தெரியாது? அழணும்போல இருந்துச்சு. ஒரு சாக்குக் கெடைச்சுது, அழுதேன்."

சொல்லிவிட்டுக் குனிந்து குழாயில் கை வைத்தார். "ஜில்லுன்னு இருக்கு" என்றார். ஒன்றும் தெரியாதவருக்கு நான் உண்மையைச் சொல்லிவிட்டதாக எட்டு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்படியே தரைக்குள் போய்விடலாம்போல் வெட்கமாக இருந்தது. கூடவே, ஏனென்று தெரியவில்லை, பாரம் இறங்கியதுபோலவும் இருந்தது.

நாத்தனார் பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்தார். நாற்பது கையெழுத்தோடு அதை நீளவாக்கில் இறுக்கிச் சுருட்டி, குனிந்து, குழாய்க்குள் செருகினார். கச்சிதமாகப் பொருந்தியது. பூட்டுக்காரர் தொண்டையைச் செருமினார்.

"எங்க பக்கமும் ஒண்ணு எழுதி வெச்சிருக்கோங்க. நீங்கதான் எங்க பாட்டைக் கெடுக்க ஊதுறீங்கன்னு. நாளைக்குக் குடுக்கறதா இருந்துச்சு."

"எத்தனை கையெழுத்து?"

"முப்பத்தஞ்சுங்க."

"எங்களது நாப்பது" என்றார் நாத்தனார், விட்டுக்கொடுக்காமல்.

பூட்டுக்காரர் போய் அவர்கள் பக்கத்து முனையை அவர்கள் கடிதத்தால் அடைத்தார். அடைப்பது மட்டும் போதாது, ஃபேன் ஓடினால் காற்று வேறு சந்தைப் பிடித்து வேறு சுருதியில் பாடும், ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைப்பதுதான் வழி என்று நான் சொன்னேன். யாரும் மறுக்கவில்லை. எவ்வளவு திறப்பது என்று இரண்டு பக்கமும் கால் மணி நேரம் விவாதித்தார்கள். கடைசியில் நாத்தனார் தன் கையை விரித்து வைத்து ஒரு சாண் என்று முடிவு செய்தார். அவர்களும் ஒரு சாண் என்று ஒப்புக்கொண்டார்கள்.

அடுத்த வியாழக்கிழமை அந்த ஒரு சாண் வழியாக அவர்கள் பாட்டு தாராளமாக உள்ளே வந்தது. நாத்தனார் கண்ணை மூடியிருந்தார், புருவம் மட்டும் அவ்வப்போது நெரிந்தது. பிரார்த்தனை முடிந்ததும் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"மூணாவது அடி வரும்போதெல்லாம் ஒருத்தர் சுருதியை விட்டு எங்கயோ போறார். கூடப் பாடுறவங்க குரல் அவருக்குச் சரியா விழலைன்னு நெனைக்கிறேன். போய்ச் சொல்லு."

"நானா?"

"உன் வேலைதானே. மரியாதையா சொல்லு. சிரிக்காத."

தாழ்வாரத்தில் பூட்டுக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். எப்படித் தொடங்குவது என்று நான் யோசித்துக்கொண்டே நிற்க, அவரே ஆரம்பித்தார்.

"சுருதி போகுதுல்ல? அது நான்தான் தங்கச்சி. அந்தக் குழாய்ச் சத்தம் நல்லாக் கேட்டுச்சு, பொம்பளைங்க மேல்குரல்ல பாடுறதுதான் கேக்க மாட்டேங்குது. ரொம்ப நாளா உங்கிட்ட வரணும்னு இருந்தேன். வேற பக்கத்து ஆளாச்சேன்னு யோசிச்சேன்."

மறுநாள் காலை பத்து மணிக்கு, அவரே பட்டை ஒட்டிய கதவுக்குள், என் கூண்டில் அவர் உட்கார்ந்தார். பத்தொன்பது வருஷம் சாவி வெட்டும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்த காது. தாழ்ந்த சத்தங்களுக்கெல்லாம் டக்டக்கென்று அமுக்கினார், உச்சத்துச் சத்தங்கள் அவரைத் தாண்டிப் போயின. அவற்றைக் கேட்க வைக்கக் கருவி இருக்கிறது, அதைப் பிறகு சொல்லலாம் என்று எழுதிக்கொண்டேன். கடைசியில் கொஞ்ச நேரம் நான் எதையும் கொடுக்காமல் விட்டேன். அவர் கண்ணை மூடி, முகமெல்லாம் மலர்ந்து, பட்டனை அமுக்கினார்.

குறித்துக்கொண்டு மேலே போனேன்.